ஒரு உடுப்பைத் தவிர

திருவேற்காட்டில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தையல் அக்கா என்றால் போதும். கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துகிற இடத்தை ஒட்டிய சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின். காலையில் நான் அம்பத்தூருக்கு வேலைக்குக் கிளம்பும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும், சாயங்காலம் ஷேர் வேனிலிருந்து இறங்கி வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நாற்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு. புடவைத் தலைப்பில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருக்கும். வாசலில் நிழல் தட்டினால் நிமிர்வார். முதலில் சிரிப்பு வரும், அதற்குப் பிறகுதான் வந்திருப்பது யார் என்று பார்ப்பார்.

அவருக்கு முடியாது என்று சொல்ல வராது. எந்தத் துணியை எந்த நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாலும், "வைங்க, பார்க்கலாம்" என்பார். பார்க்கலாம் என்றால் நடந்துவிடும் என்று அர்த்தம். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு ரவிக்கை என்று வந்து நின்றவர்களைக்கூட அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

இரண்டாம் மாடியில் ஓர் அம்மா இருந்தார். திருவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், வாய் கொஞ்சம் நீளம். "இன்னாக்கா, கை டைட்டா கீது, பிரிச்சி வுடேன்" என்று ஒரு ரவிக்கையைக் கொண்டுவருவார். அக்கா பிரித்துத் தைத்துத் தருவார். மறுநாள் அதே ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறது என்று திரும்ப வரும். மூன்றாவது தடவை அது முதலில் இருந்த அளவுக்கே வந்து சேரும். அக்கா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொள்வார்.

தண்ணீர் மோட்டாருக்கான சுவிட்ச் அவர் வீட்டுச் சுவரில் இருந்தது. அந்த ஒரே காரணத்தால் மோட்டார் போடுவதும் அணைப்பதும் அவர் வேலையானது. கூரியர் பொட்டலம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கான வீட்டுச் சாவி, ஊருக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் துளசித் தொட்டி, எல்லாம் அவர் வாசலில்தான் வந்து சேரும். பேச்சைக் கேட்டுவிட்டு, "கேரளாவா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பது போலச் சிரிப்பார். "நாகர்கோவில் பக்கமோ?" என்பார்கள். அதற்கும் அதே சிரிப்புதான்.

ஒருநாள் முதல் மாடிக்காரர் ஒருவர் தன் பைக்கை அவர் வாசலை அடைத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அக்கா பக்கவாட்டில் உடம்பை ஒடுக்கி வெளியே வருவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மாடியேறிப் போய்ச் சத்தம் போட்டேன், அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டார், கடைசியில் பைக்கை எடுத்துவிட்டார். அக்கா நன்றி சொல்வார் என்று நினைத்துக்கொண்டு கீழே வந்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"எனக்காகச் சண்டை பிடிக்காதேங்கோ" என்றார். "நீங்கள் சண்டை பிடிச்சிட்டு மேல போயிடுவீங்கள். நான் இந்த வாசல்லதானே இருக்கோணும்."

அன்றைக்குத்தான் அவருடைய சொந்தப் பேச்சை முதல் முறையாகக் கேட்டேன். மற்றவர்களிடம் அவர் பேசியது எங்களைப் போலவே பேசப் பழகிக்கொண்ட தமிழ். அதற்குப் பிறகு என்னிடம் மட்டும், கதவு சாத்தியிருக்கும்போது, இந்தத் தமிழில் பேச ஆரம்பித்தார். எட்டு வயதில் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து படகில் வந்ததாகச் சொன்னார். முகாமில் வளர்ந்து, முகாமிலேயே கல்யாணமும் ஆகி, வேலைக்காகச் சென்னைப் பக்கம் வந்தவர்கள். கணவர் பெயிண்டர். பெரிய கட்டடங்களில் வேலை கிடைத்தால் வாரக்கணக்கில் வெளியூரில் தங்கிவிடுவார். மகள் துளசி இங்கேதான் பிறந்தாள், அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்தாலும் அவளும் அம்மாவைப் போலப் பதிவில் அகதிதான். அவ்வப்போது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் முன்னால் எப்படியும் ஒருமுறை போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். மரியாதையாகத்தான் பேசுவார்கள் என்றும் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகு அவருடைய "பார்க்கலாம்" எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. நல்ல மனசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு மனசு, எவ்வளவு பயம் என்று யோசனை வந்துவிட்டது. அதன் பிறகு அவரிடம் ஏதாவது கேட்கவே தயக்கமாக இருந்தது. கேட்டால் செய்துவிடுவாரே.

எங்கள் அடுக்ககத்தில் சுதந்திர தினம் தீபாவளிக்கு அடுத்த பண்டிகை. பாதி வீடுகள் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், மீதி வீடுகள் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். மற்ற நாட்களில் இந்த இரண்டு கூட்டமும் லிஃப்டில்கூடப் பேசிக்கொள்ளாது. அன்றைக்கு மட்டும் எல்லோரும் குளித்து, வெள்ளையுடுத்தி, வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு, கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கொடிக்குள் வைத்துக் கட்ட ரோஜா இதழ் பூந்தமல்லியிலிருந்து வரும். பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி நடக்கும். முடிந்ததும் இட்லி, வடை, லட்டு.

அந்த வாரம் முழுக்க அக்காவின் வீடு மூன்று நிறத்தில் இருக்கும். பாரத மாதா சேலை, காந்தித் தாத்தா வேட்டி, கட்டபொம்மன் மேலங்கி என்று மெஷின் மேல் குவிந்து கிடக்கும். அன்று காலையில் வாசலில் தட்டோடு நின்று, வருகிற ஒவ்வொருவர் சட்டையிலும் சின்னத் துணிக்கொடியை ஊக்கால் குத்திவிடுவதும் அவர்தான். துளசிக்கு நல்ல குரல். தமிழ்த்தாய் வாழ்த்தும் தேசிய கீதமும் அவள்தான் பாடத் தொடங்குவாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மகள் பாடும்போது அக்கா கடைசி வரிசையில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில், குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நிற்பார்.

நான் சொல்ல வந்தது நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். அப்போது என் மகள் இனியாவுக்கு ஆறு வயது. எல்லாப் பெண் பிள்ளைகளும் பாரத மாதா வேடம் கேட்டபோது அவள் தனக்கு மிலிட்டரி டிரெஸ்தான் வேண்டும் என்றாள். அதைக் கேட்டு என் கணவருக்குத் கால் தரையில் பாவவில்லை. அவர் வேலை செய்தது ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில். குடியரசு தின அணிவகுப்பை டிவியில் காட்டும்போது, "அந்த மேல் பாக்கெட் எங்க செக்‌ஷன்" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டுகிற மனிதர். அன்று சாயங்காலமே பூந்தமல்லிக்குப் போய், பச்சையும் மண்ணும் கலந்த அந்தத் திட்டுத்திட்டான துணியை வாங்கி வந்துவிட்டார்.

மூன்று பேரும் கீழே போனோம். அக்கா வழக்கம் போலச் சிரித்தார். இனியாவை ஸ்டூல் மேல் ஏற்றி, தோளுக்கும் இடுப்புக்கும் டேப் வைத்தார். என்ன வேடம் என்று கேட்டதற்கு இவள் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டினார். அதற்குள் என் கணவர் பையிலிருந்து துணியை எடுத்து மெஷின் மேல் விரித்துப் போட்டார்.

மெஷின் மேல் இருந்த கையை அக்கா சட்டென்று இழுத்துக்கொண்டார். டேப் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"ஏலாது" என்றார்.

என் கணவருக்கு முதலில் புரியவில்லை. வேலை நிறைய இருக்கிறது போல என்று நினைத்து, அவசரமில்லை, பதினாலாம் தேதி சாயங்காலம் கொடுத்தால் போதும் என்றார்.

"வேற எதெண்டாலும் தைச்சுத் தாறன் அண்ணா. இது என்னால ஏலாது."

எல்லார் முன்னாலும் மறைத்து வைத்திருந்த தமிழ் அப்படியே வெளியே வந்துவிட்டது. என் கணவர் துணியை மடித்தார். தொழிற்சாலையில் மடிக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக மடித்தார். அவர் கோபமாக இருக்கும்போதுதான் இவ்வளவு நிதானம் வரும். இனியாவைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

வீட்டில் சாப்பிட்டு முடித்த பிறகு என்னிடம் கேட்டார். நான் தினமும் தைக்கிறதை அவங்க ஏன் தொடமாட்டேங்கறாங்க, அதுல என்ன இருக்கு என்று. எனக்கும் தெரியவில்லை. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே செல்போனை எடுத்து அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார். மிலிட்டரி டிரெஸ் தைக்க யாராவது டெய்லர் தெரியுமா, நம்ம தையல் அக்கா தைக்க மாட்டேங்கறாங்க, அவ்வளவுதான். அவர் வேறெதுவும் நினைத்துப் போட்டதாக நான் இன்றுவரை நினைக்கவில்லை.

காலையில் நான் எழுந்து பார்த்தபோது அந்த ஒரு வரிக்குக் கீழே நிறையப் பேர் பேசியிருந்தார்கள். ஏன் மாட்டாங்களாம் என்று ஒருவர். வேறு எல்லாம் தைக்கிறாங்களே என்று இன்னொருவர். அவங்க சிலோன்காரங்க, தெரியாதா என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதுவரை கேரளா என்றும் நாகர்கோவில் என்றும் நினைத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திகைப்புப் படங்களைப் போட்டிருந்தார்கள். நம்ம ராணுவ உடையைத் தைக்க மாட்டாங்க, ஆனா நம்ம மண்ணில இருப்பாங்களா என்று முதல் மாடிக்காரர் கேட்டிருந்தார். பைக்கை வாசலில் நிறுத்தியவர். வீட்டு ஓனருக்கு இதெல்லாம் தெரியுமா என்ற கேள்வியோடு பேச்சு முடிந்திருந்தது. என் கணவர் தன் வரியை அழித்தார். அழிக்கப்பட்டது என்று அங்கே தெரிந்ததும் பேச்சு இன்னும் கூடியது.

அன்று சாயங்காலம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டு பேரோடு கீழே போனார். மூன்றாம் மாடியில் இருந்தவர், ஒரு கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர் லாரிக்கும் குப்பை வண்டிக்கும் எங்களுக்காக ஓடுகிறவர். நான் படியில் அவர்களைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனேன். அக்கா எழுந்து நின்றார். துளசி உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செயலாளர் மெதுவாகத்தான் பேசினார். "ஒண்ணும் பெருசா இல்லம்மா. ஒரு சின்னக் குழந்தை டிரெஸ். தைச்சுக் குடுத்துட்டீங்கன்னா இந்தப் பேச்சு இன்னியோட முடிஞ்சிடும். நானே குரூப்ல போட்டுடறேன்."

நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார், எல்லோரும் மேலே போய்விடலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. அக்கா புடவைத் தலைப்பில் இருந்த ஒரு ஊக்கைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"என்னால ஏலாது ஐயா."

"காரணம் சொன்னாப் போதும்மா."

அக்கா ஊக்கை மூடிவிட்டு, மாட்டேன் என்று தலையாட்டினார். செயலாளர் கூட வந்தவர்களைப் பார்த்தார். பிறகு, எதற்கும் பதினைந்தாம் தேதி நீங்கள் கீழே வராமல் இருந்தால் நல்லது, யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் உங்களுக்குத்தான் சங்கடம் என்றார். துளசி பாட வேண்டாம், இந்தத் தடவை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்கிறோம் என்றும் சொன்னார். அவர்கள் போன சிறிது நேரத்தில் முகப்பேரிலிருந்து வீட்டு ஓனர் போன் செய்தார். ஒரு துணியைத் தைத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாதா, முடியாதென்றால் மாதக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்காவின் கணவர் அப்போது கோயம்புத்தூரில் ஏதோ கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குச் சொல்லவில்லை.

நான் கதவைச் சாத்திவிட்டு அவரோடு உட்கார்ந்தேன். நான் வெளியில் கொடுத்துத் தைத்துக்கொள்கிறேன், நீங்கள் தைத்ததாகச் சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். துளசியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மெஷினின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நானும் தங்கச்சியும் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருந்தனாங்கள். அம்மாதான் தள்ளி விட்டவ. அண்ணாவுக்குப் பதினேழு வயசு. அவரைக் கூட்டிக்கொண்டு போச்சினம். ஆர் வந்தது, எந்த ஆமி, எந்த நாடு, ஒண்டும் எனக்குத் தெரியாது. முகம் காணேல்ல. கால்தான் கண்டனான். அந்தத் துணியும் பூட்ஸ் சப்பாத்தும். நடுவில அண்ணாவின்ர வெறுங்கால் போச்சுது. பிறகு வரவேயில்ல."

மேலே யாரோ தண்ணீர் வரவில்லை என்று கத்தினார்கள். அவர் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்கட மனுசனில எனக்குக் கோபமில்ல. அது அவரின்ர வேலை. பிள்ளை போட்டாலும் வடிவாத்தான் இருக்கும். என்ர கையால தைக்க ஏலாது. அவ்வளவுதான்."

இதை அவர்களிடம் சொன்னால் போதுமே, புரிந்துகொள்வார்களே என்றேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னால் அவரிடம் நான் பார்த்ததில்லை.

"அண்ணாவைக் காட்டி வீடு கேக்கச் சொல்லுறீங்களோ? உங்கட மனுசனிட்ட மட்டும் சொல்லுங்கோ. வேற ஆக்களிட்ட வேண்டாம்."

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் அவங்க முன்னாடி விரிச்சுப் போட்டேனே" என்றார். அவ்வளவுதான் பேசினார். மறுநாள் செயலாளரிடம் போய், எனக்கு அந்த டிரெஸ்ஸால் ஒரு வருத்தமும் இல்லை, விட்டுவிடுங்கள் என்றார். செயலாளர், இது இப்போது உங்கள் டிரெஸ் விஷயம் இல்லை என்றார். காரணத்தைச் சொல்லவும் இவருக்கு வழியில்லை. சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதைச் சொல்லவும் வழியில்லை. வாங்கி வந்த துணியை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, இனியாவுக்குப் பாரத மாதா வேடம் போடலாமா என்று கேட்டுப்பார்த்தார். அவள் அழுது உருண்டாள். கடைசியில் பூந்தமல்லியில் ரெடிமேடாகவே ஒன்று வாங்கினோம். அளவு பெரியது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து காலை எல்லாம் வழக்கம் போல நடந்தது, ஆனால் யாரும் கலகலப்பாகப் பேசிக்கொள்ளவில்லை. நாற்காலி போட்டிருந்தது, கொடி கட்டியிருந்தது, ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. அக்காவின் கதவு சாத்தியிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். பெரியவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு கதவு திறந்தது. அக்கா நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் வந்தார். கையில் தட்டு, தட்டில் துணிக்கொடிகள். எத்தனை வீடோ அத்தனை வீட்டுக்கும் தைத்திருந்தார். பக்கத்தில் துளசி பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். இருவரும் போய் வழக்கமான இடத்தில் நின்றார்கள்.

யாரும் தட்டின் பக்கம் போகவில்லை. செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். முதல் மாடிக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். நான் எழுந்திருப்பதற்குள் இரண்டாம் மாடி அம்மா நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எனுக்குக் குத்தி வுடுக்கா, வருசா வருசம் நீதானே குத்துவே" என்று போய் நின்றார். அக்கா குத்திவிட்டார். அடுத்து நான் போனேன். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். பாதிப் பேர் வந்தார்கள். பாதிப் பேர் வரவில்லை.

மாறுவேடப் போட்டி தொடங்கியது. இனியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மேடைக்குப் போகிற வழியில் கால்சட்டையின் கொக்கி தெறித்துவிட்டது. சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து துணி கிழிந்தால் சரி செய்கிறவர் ஒரே ஒருவர்தான். நாற்காலிகளுக்கு நடுவே நேராகக் கடைசி வரிசைக்கு ஓடினாள். அந்தப் பச்சை உடையோடு அக்காவின் முன்னால் போய் நின்று, "அத்தை, ஊக்கு" என்றாள்.

ஸ்பீக்கரில் பாட்டு முடிந்திருந்தது. எல்லோரும் திரும்பி அங்கேயே பார்த்தார்கள். அக்கா குழந்தையின் முகத்தைப் பார்த்தார், பிறகு துணியைப் பார்த்தார். சேலைத் தலைப்பிலிருந்து இரண்டு ஊக்குகளைக் கழற்றினார். கை பாதி தூரம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அங்கேயே நின்றது. இனியா இடுப்பைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

மைக் அணைக்கப்படவில்லை என்பது செயலாளருக்குத் தெரியாது போலிருக்கிறது. "ஒரு ஊக்குகூடக் குத்தக் கூடாதா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது.

என் கணவர் முன் வரிசையிலிருந்து எழுந்து போனார். அக்காவின் கையிலிருந்து ஊக்குகளை வாங்கிக்கொண்டு, மகளுக்கு முன்னால் முட்டிபோட்டார். இடுப்புத் துணியை உள்பக்கம் மடித்து, வெளியே தெரியாமல் இரண்டு பக்கமும் குத்தினார். பாக்கெட்டின் மூடியை நீவிவிட்டார். பிறகு எழுந்து செயலாளரைப் பார்த்துச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"சார், நான் வருஷக்கணக்கா இதைத்தான் தைக்கிறேன். என் வீட்டுச் சோறு இதுல வருது. எனக்கே அவங்க மேல கோவம் இல்ல. உங்களுக்கு எதுக்கு?"

செயலாளர் குனிந்து மைக்கின் பொத்தானைத் தேடினார். இனியா மேடைக்கு ஓடிப்போய் சல்யூட் அடித்தாள். யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். கொடி ஏறியது, இதழ்கள் உதிர்ந்தன. தேசிய கீதத்தை ஸ்பீக்கரில்தான் போட்டார்கள். துளசி தன் இடத்தில் நின்றபடியே கூடப் பாடினாள், என் இடம் வரைக்கும் கேட்டது. அவள் அம்மா கொடியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். லட்டு வாங்க மட்டும் அவர்கள் நிற்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டு ஓனர் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. என் கணவர் முகப்பேருக்கு இரண்டு முறை போய்ப் பேசியதில், துளசியின் முழுப் பரீட்சை முடியும் வரை இருக்கலாம் என்று இறங்கி வந்தார். குழுவில் அக்காவைப் பற்றிப் பேச்சு நின்றுவிட்டது. சிலர் தைக்கக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அக்கா அந்த மாதங்களில் வேறு ஆளாக ஆகிக்கொண்டிருந்தார். ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து மோட்டார் போடச் சொல்லிக் குரல் வந்தபோது, இனி வாட்ச்மேனிடம் சொல்லுங்கள் என்று பதில் போனது. இரண்டாம் மாடி அம்மா அதே ரவிக்கையை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்தபோது, இது உங்களுக்குச் சரியான அளவுதான், இனிப் பிரிக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னாமே இப்புடி மாறிடுச்சு அக்கா" என்று அந்த அம்மா என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். திமிர் ஏறிவிட்டது என்று வேறு சிலர் சொன்னார்கள். அவரைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறை முடியாது என்ற பிறகும் அவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

கோடை விடுமுறையில் ஆவடி தாண்டிப் பட்டாபிராமுக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். அங்கே வேறு ஸ்டேஷன், வேறு கையெழுத்து. துளசிக்கு வேறு பள்ளிக்கூடம்.

அந்த வருட ஆகஸ்டின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரைப் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று, தைக்க ஒரு ரவிக்கைத் துணியும் கொஞ்சம் பழமும் எடுத்துக்கொண்டேன். தெருவைப் பார்த்த வீடு. வாசலில் ஓர் அட்டையில், ஞாயிறு விடுமுறை என்று துளசியின் கையெழுத்தில் எழுதி மாட்டியிருந்தது. மெஷின் மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவரும் அன்றைக்கு வீட்டில் இருந்தார், தேநீர் போட்டது அவர்தான்.

பேச்சுக்கு நடுவில், இந்த வருடம் கொடியேற்றத்துக்குப் போனீர்களா, இங்கே யாரும் தொந்தரவு செய்யவில்லையே என்று கேட்டேன். அவர் கூந்தலைச் சுற்றி முடிந்தார்.

"அங்க இருக்கேக்க, போகாட்டி ஏதும் நினைப்பினம் எண்டு பயம் இருந்தது. போக ஆசையும் இருந்தது. எது எவ்வளவு எண்டு எனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியேல்ல" என்றார். "இஞ்ச என்னை ஒருத்தருக்கும் தெரியாது. காலையில பக்கத்துப் பள்ளிக்கூடத்தில கொடி ஏத்தினவை. ஒருத்தரும் கூப்பிடேல்ல. நானாத்தான் சேலையை மாத்திக்கொண்டு போனன். வாசல்ல நிண்டன். உள்ள வாங்கோ எண்டு ஒரு டீச்சர் இருக்கக் கதிரை தந்தா. இருந்து பாத்திட்டு வந்தன்."

சொல்லிவிட்டு என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். நான் கிளம்பும்போது பையிலிருந்து ரவிக்கைத் துணியை எடுத்தேன். அவர் அதை வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, நல்ல துணி என்றார். மடித்துத் திரும்ப என் பையிலேயே வைத்தார். இன்றைக்கு விடுமுறை, நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். திருவேற்காட்டிலிருந்து அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வண்டி மாறி வந்திருந்தேன். அதே துணியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.